மண்ணோடு மரம் – 9: மிதிபட்ட மண்ணும் முள்ளுக்குத்தும்

நாடுகாணியில் சாலை மூன்றாகப் பிரிகிறது. ஒன்று கூடலூருக்கு, ஒன்று தேவாலா, பந்தலூர் பக்கம், மற்றொன்று சுரம் இறங்கி வழிக்கடவு, நிலம்பூருக்கு. கேரளத்திலிருந்து நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இதுவும் ஒரு வாசல். 2024 மே மாதம் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் உதகைக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. இப்படி எண்ணப்படும் வண்டிகள் எங்கே ஓரங்கட்டப்படுகின்றன? பெரும்பாலும் சாலையோர மரத்தடியில்தான். நிழல் தரும் மரத்தின் வேர்மேல் எத்தனை டன் எடை நின்றுவிட்டுப் போகிறது என்பது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. மரம் பட்டுப்போனால் நோய் என்கிறோம், சாய்ந்தால் காற்று என்கிறோம். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மண் இறுகிப்போயிருக்கும் என்பதை யாரும் பேசுவதில்லை.

நல்ல மண்ணில் ஏறத்தாழப் பாதிதான் மண். மீதி இடைவெளி, அதில் நீரும் காற்றும் இருக்கும். நீரை உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டடிக்குள், கிளைகளின் பரப்பையும் தாண்டி விரிந்து கிடக்கிறது. வண்டிச் சக்கரம் ஏறும்போது முதலில் நசுங்குவது பெரிய இடைவெளிகள். காற்று போய்வரும் வழியும் மழைநீர் இறங்கும் வழியும் அவைதான். களிமண்ணில் ஒரு கன சென்டிமீட்டரின் உலர் எடை ஒன்றரை கிராமை நெருங்கினாலே வேர் ஊடுருவத் திணறுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, சேதத்தின் பெரும்பங்கு முதல் சில முறை சக்கரம் ஏறும்போதே நடந்துவிடுகிறது என்பது. ஈர மண்ணில் அது இன்னும் ஆழமாக இறங்கும். தேவாலா வட்டாரம் தமிழகத்தில் மழை மிகுந்த இடங்களில் ஒன்று. தென்மேற்குப் பருவமழையில் மண் ஊறிக் கிடக்கும் காலத்தை ஒட்டியே ஓணம் விடுமுறைக் கூட்டமும் மலையேறுகிறது. மண் எப்போது மிக எளிதில் நசுங்குமோ, அப்போதுதான் அதை மிக அதிகமாக மிதிக்கிறோம். மரம் உடனே காட்டிக்கொள்ளாது. இலை சிறுத்து, உச்சிக்கிளை காய்ந்து தெரியவரும்போது காரணம் பழசாகியிருக்கும்.

இதற்கு மருந்து புதிதாகத் தேட வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டங்களில் கவ்வாத்து, கான்வெட்டு (வடிகால் வெட்டுதல்) போல முள்ளுக்குத்தும் ஒரு வேலை. முள் எனப்படும் கவைக்கருவியை நேராக மண்ணில் இறக்கி, பிடியைப் பின்னால் லேசாகச் சாய்த்து, மண்ணைப் புரட்டாமல் உருவிவிடுவார்கள். தேயிலைச் செடியின் வேர் அறாமல் மண்ணுக்குள் காற்றும் நீரும் போக வழி செய்யும் முறை இது. இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டம், பின்னர் டான்டீ என்ற அரசு நிறுவனமாகி, இந்த வட்டாரம் முழுக்கப் பரந்தது. அந்தக் கைகளில் உள்ள தேர்ச்சியைச் சாலையோரப் பலாவுக்கும் சில்வர் ஓக்குக்கும் கொண்டுவருவதே என் யோசனை. அடிமரத்தை ஒட்டிய பருவேர்ப் பகுதியை விட்டுத் தள்ளி, ஒன்றரை அடிக்கு ஒரு குத்து. குழிகளில் மட்கிய உரம். அதன்மேல் மூன்று, நான்கு அங்குலத்துக்கு இலைச்சருகோ மரச்சில்லோ; அதுவும் அடிமரத்தில் படாமல். குத்திவிட்டு மட்டும் போனால் பலன் சொற்பம், குழி மீண்டும் மூடிக்கொள்ளும். உண்மையான வேலையைச் செய்வது சருகும் அதைத் தேடி வரும் மண்புழுவும்தான். வெளிநாடுகளில் அழுத்தக் காற்றைப் பீய்ச்சி வேர் அறுபடாமல் மண்ணை இளக்குகிறார்கள். ஸ்டாக்ஹோம் நகரம் நடைபாதைக்கு அடியில் பெருஞ்சல்லியும் கரியும் நிரப்பி வேருக்கு இடம் கொடுக்கிறது. அவை பணம் பிடிக்கும் வழிகள். நமக்கு முள்ளும் சருகும் போதும்.

இவ்வளவு மழை பெய்யும் மலையில் மண்ணை இளக்கினால் அரித்துப் போகாதா என்பது நியாயமான கேள்வி. கொத்திப் புரட்டினால் நிச்சயம் போகும். புரட்டாமல் துளையிட்டுச் சருகு மூடிய மண் மழையை உள்வாங்கும். மழையை வெளியே தள்ளி, சாலையில் ஓடையாய் ஓடவிடுவது இறுகிய தரைதான். ஆனால் சுரத்தின் வெட்டுச்சரிவுகளில் இதைச் செய்யக் கூடாது. மண்சரிவு கண்ட அந்தப் பாதையில் சரிவுக்குள் கூடுதல் நீரை இறக்குவது ஆபத்து. நான் சொல்வது சமதளத் திட்டுகளை மட்டுமே. காட்டு மரத்துக்கு யார் முள்ளுக்குத்துகிறார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. 1989-இல் தொடங்கிய நாடுகாணி ஜீன்பூல் தோட்டத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத மரங்களுக்கடியில் சருகை விலக்கிப் பார்த்தால் பதில் கிடைக்கும். அங்கே சருகை யாரும் கூட்டி எரிப்பதில்லை, மண்மேல் வண்டி ஏறுவதுமில்லை. சருகு கிடந்தால் பாம்பு வரும் என்ற அச்சம் கடைவீதியில் இருக்கும். நான்கு அங்குலச் சருகைவிடக் கடைக்குப் பின்னால் குவியும் குப்பையே எலியை வரவழைக்கிறது, எலியைத் தேடித்தான் பாம்பு வருகிறது.

மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லிக்கு உத்தரவிட்டது. பெரிய மரத்துக்கு ஒரு மீட்டர் போதவே போதாது, என்றாலும் வேருக்கும் இடம் உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்ட தருணம் அது. நாடுகாணியில் முதலில் வேண்டியது, மரத்தடியில் சக்கரம் ஏறாதபடி நாலைந்து கல் நடுவது. இறுகிய மண்ணை இளக்குவதைவிட இறுகாமல் காப்பது மலிவு. அடுத்தது, பருவமழை ஓய்ந்து மண் பிடித்தால் உதிரும் பதத்துக்கு வரும்போது ஒரு சுற்று முள்ளுக்குத்து. நெடுஞ்சாலைத் துறையும் உள்ளாட்சியும் இந்த டிசம்பரில் பத்து மரங்களுக்காவது இதைச் செய்துபார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளர்களைக் கூலி கொடுத்து அழைத்துச் செய்ய வேண்டும்.

(தொடரும்)