விளையாட்டை அளப்பது எப்படி?

நேற்று நீங்கள் எத்தனை நிமிடம் ஓடியாடி விளையாடினீர்கள்? சற்று யோசித்துப் பதில் சொல்லுங்கள், பார்ப்போம். மாலையில் கபடி ஆடியது நினைவுக்கு வரும். "ஒரு மணி நேரம்" என்று சொல்லிவிடுவீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கோட்டுக்கு வெளியே நின்றது எவ்வளவு, அவுட்டா இல்லையா என்று வாதாடியது எவ்வளவு? அதேபோல், காலையில் பேருந்தைப் பிடிக்க ஓடியதும், மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவியதும் உங்கள் கணக்கில் வந்திருக்காது.

இது வெறும் வேடிக்கைக் கேள்வி அல்ல. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமான அல்லது கடுமையான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். விரைந்து நடப்பது மிதமான இயக்கம். மூச்சு வாங்க ஓடுவது கடுமையான இயக்கம். 2019-இல் அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் விவரங்களைத் தொகுத்தார்கள். 11 முதல் 17 வயதுள்ள பள்ளி மாணவர்களில் 81 சதவீதம் பேருக்கு 2016-இல் போதிய உடலியக்கம் இல்லை என்று அறிவித்தார்கள். அந்த 81 எப்படிக் கிடைத்தது தெரியுமா? மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்து, இப்போது நான் உங்களிடம் கேட்டது போலவே கேட்டுத்தான்.

நினைவை நம்பாமல் அளக்க வேண்டுமானால் ஒரு கருவி தேவை. கையிலோ இடுப்பிலோ கட்டிக்கொள்ளும் பட்டைக்குள் இருக்கும் முடுக்கமானிதான் அது. அதன் தத்துவம் நீங்கள் அறிந்ததே. பேருந்து திடீரென்று பிரேக் போட்டால் முன்பக்கம் சாய்கிறீர்கள் அல்லவா? ஒரு பெட்டிக்குள் சிறு கல் ஒன்றை வில்சுருளில் மாட்டி வைத்தால் அதுவும் அப்படியே சாயும். சாய்ந்த அளவைக் கொண்டு முடுக்கத்தைச் சொல்லிவிடலாம். இன்றைய கருவிகளில் கல், சுருள் இரண்டுமே சிலிக்கன் சில்லில் செதுக்கப்பட்டவை. கண்ணுக்குப் புலப்படாத அளவு நகரும் அந்தச் சிலிக்கன் கட்டி, பக்கத்திலுள்ள தகடுகளுக்கும் தனக்கும் உள்ள இடைவெளியை மாற்றுகிறது. அதனால் மின்தேக்குத்திறன் மாறுகிறது. இந்த மாற்றத்தைத்தான் கருவி படிக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேசைமேல் அசையாமல் கிடக்கும் முடுக்கமானி சுழியைக் காட்டாது, சுமார் 9.8 மீட்டர்/வினாடி² காட்டும். கட்டி தன் எடையால் சுருளை இழுத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். அதே கருவி கைதவறி விழும்போது, தரையைத் தொடும்வரை ஏறக்குறைய சுழியைக் காட்டும். பெட்டியும் கட்டியும் சேர்ந்தே விழுவதால் சுருளுக்கு வேலை இல்லை.

ஆகவே கருவி அளப்பது முடுக்கத்தை; விளையாட்டை அல்ல. முடுக்கத்திலிருந்து விளையாட்டைக் கணக்கிட்டு எடுப்பது மனிதர்கள் வகுத்த விதிகள். சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஆய்வுகளில் பெரிதும் பயன்பட்ட ஒரு வகைக் கருவி, வினாடிக்கு 0.25 முதல் 2.5 வரையிலான அதிர்வுகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். நம் நடை வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி. பேருந்து எஞ்சினின் உதறலோ அதைவிட வேகமானது, எனவே வடிகட்டப்பட்டுவிடும். எஞ்சிய அசைவுகளின் அளவைக் கூட்டி, குறிப்பிட்ட காலத் துண்டுக்கு ஓர் எண்ணாகப் பதிவு செய்யும். அந்தக் காலத் துண்டு எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும்?

அமெரிக்காவில் 2003–2004-இல் நடந்த தேசிய உடல்நல, ஊட்டச்சத்து ஆய்வில் பல ஆயிரம் பேர் இடுப்பில் இக்கருவியை ஏழு நாள் அணிந்தார்கள். காலத் துண்டு ஒரு நிமிடம். நாளுக்கு 60 நிமிடம் என்ற அளவை எட்டியவர்கள், 6 முதல் 11 வயதினரில் 42 சதவீதம். 12 முதல் 19 வயதினரில் 8 சதவீதம். 2008-இல் இம்முடிவு வெளியானது.

ஆனால் குழந்தைகள் நிமிடக் கணக்கில் விளையாடுவதில்லையே! 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், 6 முதல் 10 வயதுக் குழந்தைகளை நேரில் கவனித்து மூன்று வினாடிக்கு ஒருமுறை குறித்தார்கள். கடுமையான இயக்கங்களின் இடைநிலை நீளம் வெறும் 3 வினாடி. அவற்றில் 95 சதவீதம் 15 வினாடிக்குள் முடிந்துவிட்டன. பாய்வது, நிற்பது, மறுபடி பாய்வது: குழந்தைகளின் ஆட்டம் இப்படித்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு சிறுவன் 15 வினாடி துரத்தி ஓடுகிறான். கருவியில் 1400 பதிவாகிறது. மீதி 45 வினாடி நிற்கிறான், பதிவு 60. நிமிடத்துக்கு மொத்தம் 1460. 2008-இல் வகுக்கப்பட்டுப் பலரும் கையாளும் எல்லைக்கோட்டின்படி மிதமான இயக்கத்துக்கு நிமிடத்துக்கு 2296 வேண்டும். ஆகவே இந்த நிமிடம் 'லேசான இயக்கம்'. அவன் ஓடியதே இல்லை என்றாகிவிட்டது! அதையே 15 வினாடித் துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டுக்கு எல்லை 574 தான். முதல் துண்டு அதை எளிதில் தாண்டிவிடுகிறது. இப்படிப் பத்து முறை ஓடியிருந்தால் ஒரு முறையில் சுழி நிமிடம், மற்றதில் இரண்டரை நிமிடம். தவறு மறுபக்கமும் நேரலாம். அரை நிமிட ஓட்டத்தில் 2400 பதிவானால், நின்றிருந்த அரை நிமிடமும் சேர்ந்து முழு நிமிடமாகக் கணக்கில் ஏறிவிடும்.

எல்லைக்கோடும் ஒன்றே ஒன்று அல்ல. 2002-இல் வெளியான மற்றொரு வரையறையில் மிதமான இயக்கம் 3200-இல்தான் தொடங்குகிறது. நிமிடத்துக்கு 2800 பதிவாகும்படி நடக்கும் மாணவி ஒரு வரையறையில் தேறுகிறாள், மற்றதில் தோற்கிறாள். அவள் நடை மாறவே இல்லை. எனவே "இத்தனை சதவீதம் குழந்தைகள் சோம்பேறிகள்" என்ற செய்தியைப் படிக்கும்போது, எந்தத் துண்டு, எந்தக் கோடு என்று கேட்பது உங்கள் உரிமை. இப்போதைய ஆய்வுக் கருவிகள் வினாடிக்கு 30 முதல் 100 முறை முடுக்கத்தை அப்படியே பதிந்து வைப்பதால், துண்டின் நீளத்தைப் பிறகு மாற்றிக் கணக்கிட முடிகிறது. இது நல்ல முன்னேற்றம்.

ஆனால் எந்தத் துண்டிலும் அகப்படாதவை சில உண்டு. இடுப்பில் கட்டிய கருவிக்குச் சைக்கிள் மிதிப்பது ஏறக்குறைய உட்கார்ந்திருப்பது போலத்தான். தண்ணீர்க் குடத்துடன் நடப்பவரும் வெறுங்கையுடன் நடப்பவரும் அதற்கு ஒன்றே. கயிறு இழுக்கும் போட்டியில் இரு பக்கமும் சமபலமாக இருந்தால் முடுக்கம் இல்லை. நரம்பு புடைக்க இழுத்தவர்களுக்குக் கருவி தருவது கிட்டத்தட்ட சுழி.

இதை நீங்களே சோதிக்கலாம். இடைவேளையில் விளையாடும் ஒரு தம்பியையோ தங்கையையோ, அனுமதி கேட்டுக்கொண்டு, பத்து நிமிடம் கவனியுங்கள். நண்பர் கடிகாரம் பார்த்து மூன்று வினாடிக்கு ஒருமுறை "உம்" சொல்லட்டும். நீங்கள் நின்றால் 0, நடந்தால் 1, ஓடினால் 2 என்று குறியுங்கள். 200 எண்கள் கிடைக்கும். அவற்றை ஐந்தைந்தாகக் கூட்டினால் 15 வினாடித் துண்டு. இருபது இருபதாகக் கூட்டினால் ஒரு நிமிடம். ஐந்துக்கு 6 என்றும் இருபதுக்கு 24 என்றும் எல்லை வைத்துக்கொண்டு, இரண்டு முறையிலும் தம்பி எத்தனை நிமிடம் விளையாடினான் என்று பாருங்கள். எல்லையைக் குறிப்பெடுக்கும் முன்பே தாளில் எழுதி வைத்துவிடுங்கள். எண்களைப் பார்த்த பிறகு கோட்டை நகர்த்தும் ஆசை எல்லாருக்கும் வரும்.