கல்லில் உறைந்த வண்ணத்துப்பூச்சி

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கோர்ண்வால் பகுதியில், டெலபோல் என்னும் ஊர் உண்டு. கூரை வேய்தற்குரிய சிலேற்றுக்கல்லை அங்கே பல நூற்றாண்டுகளாக வெட்டியெடுத்து வருகின்றனர். பிளந்த தகடுகள் சிலவற்றில், சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போன்றதோர் உருவம் காணப்படும். அதனை 'டெலபோல் வண்ணத்துப்பூச்சி' என்றே மக்கள் அழைத்தனர். சீன மக்களோ, இவ்வகை உருவங்களைக் கல்லாய்ச் சமைந்த தகைவிலான் குருவிகள் எனக் கொண்டு, பொடித்து மருந்தாகவும் உண்டனர்.

உண்மையில் அது பூச்சியுமன்று, பறவையுமன்று. ஏறத்தாழ 38 கோடி ஆண்டு முதல் 36 கோடி ஆண்டு வரை முற்பட்ட பிந்திய டெவோனியன் காலத்திலே, கடலடியில் வாழ்ந்த ஓருயிரின் ஓடு அது. சிர்ட்டோஸ்பிரிஃபர் என்பது அதன் சாதிப் பெயர்.

ஈரோடு உடைமையால் அதனை மட்டியின் உறவென எண்ணத் தோன்றும். ஆயின், மட்டியின் ஓடுகள் உடலின் இடப்புறத்தும் வலப்புறத்தும் அமைந்தவை. பெரும்பாலும் ஒன்று மற்றதன் கண்ணாடி விம்பம் போலிருக்கும். இவ்வுயிரின் ஓடுகளோ வயிற்றுப்புறத்தும் முதுகுப்புறத்தும் அமைந்தவை, தம்முள் ஒவ்வாதவை. எனினும் ஒவ்வோர் ஓட்டையும் நடுவே பகுத்தால் இடப்பாதியும் வலப்பாதியும் ஒத்திருக்கும். இவ்வமைப்புடைய உயிர்களே பிரக்கியோபொடா எனப்படும் கைக்காலிகள்.

இரு ஓடுகளும் பொருந்தும் நீண்ட நேரிய கீல்வரையே சிறகுத் தோற்றத்தைத் தந்தது. வயிற்றோட்டின் நடுவே ஒரு பள்ளமும், முதுகோட்டில் அதற்கேற்ற மேடும் உண்டு. மியூக்ரோஸ்பிரிஃபர் என்னும் மற்றொரு டெவோனியன் சாதியில் இப்பள்ளமும் மேடும் வரிகளின்றி வழுவழுப்பாயிருக்கும். சிர்ட்டோஸ்பிரிஃபரிலோ நுண்ணிய வரிகள் அவற்றின் மீதும் பரந்து செல்லும். ஓட்டினுள்ளே, சுண்ணப்பொருளாலான இரு சுருள்கள் இரு சிறகுகளையும் நோக்கி நீண்டிருந்தன. நீரிலுள்ள நுண்ணிய உணவை வடித்தெடுக்கும் மெல்லுறுப்பை அவை தாங்கின. சுருளைத் தாங்குவது என்ற பொருளிலேயே ஸ்பிரிஃபர் என்னும் பெயர் எழுந்தது. உயிர்ச்சுவட்டைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, ஒவ்வொரு வெட்டுமுகத்தையும் வரைந்தே இவ்வுள்ளமைப்பை அறிஞர் கண்டறிவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தகைய ஓடுகள் பலவும் ஸ்பிரிஃபர் என்னும் ஒரே சாதியில் அடங்கின. சிர்ட்டோஸ்பிரிஃபர் 1924இல் தனிச் சாதியாக வகுக்கப்பட்டது. இன்று அது ஸ்பிரிஃபெரிடா என்னும் வருணத்தில் வைக்கப்படுகின்றது.

வகைப்படுத்துவோர்க்கு டெலபோல் ஓடுகள் ஓர் எச்சரிக்கையாகும். மலைகளை எழுப்பிய பேரழுத்தத்தால் ஒரே இனத்து ஓடுகளுட் சில அகன்றும் சில ஒடுங்கியும் உருத்திரிந்தன. உருத்திரிந்த இத்தகைய உயிர்ச்சுவடுகளை ஆராய்ந்தே, சிலேற்றுக்கல் தகடாய்ப் பிளவுறும் இயல்பு அழுத்தத்தால் விளைந்தது என்று டானியல் ஷார்ப் 1847இல் எடுத்துக்காட்டினார். அகலத்தை மட்டும் நோக்கிப் பெயரிடுவோர், ஓரினத்தைப் பலவாக்கிவிடுவர். பெயர் பிழைத்தால், அவ்வோட்டைக் கொண்டு கணிக்கும் பாறையின் காலமும் பிழைத்துவிடும்.