எல்லை தாண்டிப் போகும் தளிக் குடும்பங்கள்



"பெங்களூர் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, கூலியும் அங்கே அதிகமாயிற்றே, தளிப் பக்கத்து ஜனங்கள் ஏன் இன்னும் இப்படியே இருக்கிறார்கள்?" என்று சபைகளில் எங்களைக் கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

வெள்ளைக்காரர் 'குட்டி இங்கிலாந்து' என்று பெயரிட்ட குளிர்ந்த மேட்டுநிலம் தளி. கிணறு உள்ளவர்கள் ரோஜாவும் காய்கறியும் வளர்க்கிறார்கள். மானாவாரி நிலத்தாருக்கு ராகிதான். அதை அறுத்து முடித்தால் அடுத்த மழை வரை கையில் வேலையில்லை. ஓசூர் சிப்காட்டில் படிப்பில்லாதவர்களுக்கு நிரந்தர வேலை கிடைப்பது அரிது. ஆகவே கணவனும் மனைவியும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டு, கட்டட வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

கூலி அதிகம் என்பது மெய்யே. ஆனால் முன்பணம் அதில் கழிகிறது. வாரம் தோறும் செலவுக்குக் கொஞ்சம் கொடுத்து, மீதியை வேலை முடிந்த பின்பே கணக்குப் பார்க்கிற மேஸ்திரிகள் அநேகர். தங்குவது தகரக் கொட்டகை. விறகுக்கும் காசு, தண்ணீருக்கும் காசு.

ஊரில் இலவசமாய் வாங்கிய அரிசியையும் அங்கே விலைக்கு வாங்குகிறார்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. அதன்படி கர்நாடகக் கடையிலும் முன்னுரிமை அட்டைக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் வாங்கலாம். ஆனால் முன்னுரிமை அட்டையும் அந்தியோதயா அட்டையும்தான் அங்கே செல்லும். நம் மாநிலம் கொடுத்திருக்கும் மற்ற அரிசி அட்டைகள் செல்லாது. அட்டை செல்லுமானாலும், சிமெண்டில் தேய்ந்த சித்தாளின் விரல் ரேகையைக் கருவி ஏற்பதில்லை என்ற குறை வேறு!

கட்டடச் செலவில் 1 சதவீதம் வசூலித்துத் தொழிலாளர் நல வாரியத்தில் சேர்க்கிறார்கள். அதில் பதிய, ஓராண்டில் 90 நாள் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். மூன்று மாதத்தில் மூன்று மேஸ்திரிகளிடம் வேலை பார்த்தவருக்கு அதை யார் எழுதிக் கொடுப்பார்கள்? மாநிலத்துக்கு மாநிலம் வாரியமும் வேறு.

இந்த நிலையில் காசநோய் வந்தால்தான் குடும்பம் தடுமாறுகிறது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டாம் மாதத்தில் இருமல் அடங்கியதும், கடன் நினைவுக்கு வந்து, மூட்டை கட்டிவிடுகிறார்கள். பாதியில் விட்டால் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். கணினிப் பதிவு இருப்பதால் சிகிச்சையைப் பெங்களூர் அரசு மையத்துக்கே மாற்றிவிடலாம். சத்துணவுக்கென அரசு தரும் மாதம் 500 ரூபாயும் 2024 நவம்பரில் 1,000 ரூபாயாயிற்று. இது தெரியாமல் போகிறவர்களே அதிகம். ஆகையால் எந்த இடத்துக்கு, எந்த மேஸ்திரியோடு போகிறீர்கள் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறோம்.

காசநோய் மருந்தை அரசாங்கமே இலவசமாய்க் கொடுக்கிறது. தாங்கள் அன்போடு அனுப்பும் காணிக்கையிலிருந்து, மருந்துக்கு வருகிற நாளின் பஸ் கட்டணத்தையும் அன்று இழக்கும் கூலியில் ஒரு பங்கையும் கொடுத்து வருகிறோம்.