தோட்டாவுக்கும் உண்டு முளைப்புச் சோதனை!

‘ரிவால்வருக்கு உரிமம் கிடைத்துவிட்டது. எந்தத் தோட்டா வாங்குவது? ஆபத்து நேரத்தில் அது வெடிக்கும் என்று எப்படி நம்புவது?’ தோட்டத்து வீட்டில் தனித்துக் குடியிருக்கும் வாசகர்கள் சிலரின் கேள்வி இது. விதைக்குப் பார்க்கும் மூன்றையே இதற்கும் பாருங்கள்: ரகம், சேமிப்பு, மாதிரிச் சோதனை.

ரகம்: நம் நாட்டில் தனிநபர்கள் உரிமம் பெற்று வைத்திருப்பதில் .32 ரிவால்வர் பரவலானது. .32 பிஸ்டலும் உண்டு. பெயர் ஒன்று, தோட்டா வேறு. ரிவால்வர் தோட்டா நீளமானது. பிஸ்டல் தோட்டா குட்டையானது, அழுத்தம் கூடுதலானது. சில ரிவால்வர்களில் பிஸ்டல் தோட்டா நுழைந்துவிடும். நுழைகிறதே என்று சுடக் கூடாது. துப்பாக்கியில் பொறித்துள்ள அளவைப் பார்த்து, உரிமம் பெற்ற கடையில் ரசீதுடன் வாங்குங்கள். வேகமும் வலுவும் பிறகுதான். தவறாமல் வெடிப்பதும், உங்கள் கைக்கு அடங்குவதுமே முதல் தகுதி.

சேமிப்பு: தோட்டாவின் கூடு பித்தளை. அதற்கு அம்மோனியா ஆகாது. ஆங்கிலேயர் காலத்தில் குதிரை லாயங்களுக்கு அருகே வைத்திருந்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். ஆகவே மாட்டுக்கொட்டகை, கோழிப்பண்ணை, யூரியா மூட்டை அடுக்கிய அறை ஆகியவற்றில் தோட்டா வைக்காதீர்கள். ஈரமில்லாத அறையில், பெட்டியில் பூட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தோட்டாவுக்கு எண்ணெய் தடவ வேண்டாம். கசிந்து உள்ளே போனால் வெடிக்காமல் போகலாம்.

சோதனை: முதலில் கண்ணால் பாருங்கள். பச்சைக் களிம்பு, விரிசல், நசுங்கல், ஆடும் ஈயக் குண்டு இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். பிறகு அதே பெட்டியிலிருந்து சிலவற்றை எடுத்து, அனுமதி பெற்ற சுடுதளத்தில் பயிற்சியாளர் முன்னிலையில் சுட்டுப் பாருங்கள். வயலிலோ தோப்பிலோ சோதிக்கக் கூடாது. விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால், குழலை இலக்கை நோக்கியே பிடித்து 30 விநாடி பொறுத்து, அதன்பின் திறங்கள். சத்தம் மந்தமாகக் கேட்டால் அடுத்த குண்டைச் சுடாதீர்கள். முந்தைய குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். மாதிரியில் ஒன்று பழுதானாலும் அந்தப் பெட்டியைத் தற்காப்புக்கு நம்ப வேண்டாம். பழைய தோட்டாக்களைப் பயிற்சியில் தீர்த்துவிட்டுப் புதியதை வையுங்கள்.

கெட்ட தோட்டாவை நெருப்பிலோ குப்பைக்குழியிலோ போடாதீர்கள். வாங்கிய கடையிலோ காவல் நிலையத்திலோ கேட்டு ஒப்படையுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்து வரும்போது தற்காத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்ய இடமில்லை. பயிரை மேயும் பன்றியையும் மயிலையும் சுட இந்த உரிமம் உதவாது. அவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. பயிர்ச்சேதத்துக்கு வனத்துறையிடம்தான் மனு கொடுக்க வேண்டும்.