நோன்புப் பகலின் தாகம், முந்தின இரவின் தண்ணீர்

வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று மேற்கு மலையடிவாரத்தை ஒட்டியே போகிறது கொல்லம் சாலை. இந்த ஊர்களில் நோன்பு நேரம் பதின்மூன்று மணிக்குச் சற்று மேல். 2025-இல் மார்ச் 2-ஆம் தேதி ரமலானின் முதல் நோன்பு. அதிகாலை ஐந்தே கால் வாக்கில் விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் நேரம் முடிந்தது. மாலை ஆறரைக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் தொண்டையில் தண்ணீர் இறங்கியது. வட ஐரோப்பாவில் கோடை நோன்பு 18 மணி நேரத்தையும் தாண்டும். அதோடு பார்த்தால் இங்கே நேரம் குறைவுதான். ஆனால் குற்றாலத்து அருவிகள் பெரும்பாலும் வற்றிக் கிடக்கும் மாசி, பங்குனி வெயிலில் அந்தப் பதின்மூன்று மணி நேரமும் லேசாகக் கழிவதில்லை.

பசி வரும், போய்விடும்

முதல் இரண்டு மூன்று நாள் காலை பத்து மணிக்கு ஒரு பசி, மதியம் ஒன்றரைக்கு ஒரு பசி என்று நேரம் தவறாமல் வரும். வழக்கமான சாப்பாட்டு வேளை நெருங்கும்போது இரைப்பையில் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து மூளையை உசுப்புகிறது. சோறு வராவிட்டாலும் சற்று நேரத்தில் அது தானாக இறங்கிவிடும். இரண்டு மணிக்குக் கண்ணைக் கட்டிய பசி மூன்றரைக்கு இருந்த இடம் தெரியாமல் போவது இதனால்தான்.

இதற்கிடையே உடம்புக்கு எரிபொருள் பஞ்சமில்லை. சஹரில் சாப்பிட்டது நாலைந்து மணி நேரம் தாங்கும். பிறகு கல்லீரல் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைத்திருக்கும் சுமார் 100 கிராம் சர்க்கரை இரத்தத்துக்கு வரும். அது குறையக் குறையக் கொழுப்பு கரையத் தொடங்கும்.

முதல் வாரத் தலைவலிக்குப் பல நேரம் பசியைவிட டீதான் காரணம். நாளுக்கு ஐந்தாறு டீ குடித்துப் பழகியவருக்குப் பகல் டீ சட்டென்று நின்றால் மண்டை இடிக்கும். நோன்புக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஒவ்வொன்றாகக் குறைத்து வருவது நல்லது.

ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் மருத்துவ நோபல் கிடைத்ததே நோன்பின் நன்மையை நிரூபித்ததற்காகத்தான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அவர் ஆராய்ந்தது, ஈஸ்ட் செல்கள் தம் பழுதான பாகங்களைத் தாமே செரித்துப் புதுப்பித்துக்கொள்ளும் விதத்தை. ரமலான் நோன்பு அந்த ஆராய்ச்சியில் இல்லை. இறைவனுக்காகப் பிடிக்கும் நோன்புக்கு நோபல் சான்று தேவையும் இல்லை.

தாகம் அப்படியல்ல

தாகம் எடுத்தால், தண்ணீர் உள்ளே போகும்வரை விடாது. இரத்தத்தின் உப்படர்த்தி ஒன்றிரண்டு சதவீதம் கூடினாலே மூளையின் ஹைப்போதலாமஸ் கண்டுபிடித்துவிடும். வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சுரந்து, சிறுநீரகம் நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகும். வியர்வையையும் மூச்சில் போகும் ஈரத்தையும் மட்டும் யாராலும் நிறுத்த முடியாது.

சஹர் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிப்பது பல வீடுகளில் வழக்கம். ஒரேயடியாக வந்த உபரி நீரைச் சிறுநீரகம் ஓரிரு மணி நேரத்திலேயே பெரும்பாலும் வெளியேற்றிவிடும். காலை எட்டு மணி வெயிலுக்கு அது உதவாது.

நோன்பு திறந்ததிலிருந்து சஹர்வரை ஏறக்குறைய பத்தே முக்கால் மணி நேரம் இருக்கிறது. இரண்டு முதல் இரண்டரை லிட்டர் தண்ணீரை அந்த நேரம் முழுக்கப் பரப்பிக் குடிக்க வேண்டும். திறக்கும்போது இரண்டு டம்ளர், மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஒன்று, தராவீஹ் தொழுகைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று, படுக்கும் முன் ஒன்று, சஹருக்கு எழுந்ததும் ஒன்று, சாப்பாட்டோடு ஒன்று என்று பிரித்தால் சிரமம் தெரியாது. சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

சஹரில் கருவாடு, ஊறுகாய், அப்பளம், முதல் நாள் பரோட்டா சால்னா எல்லாம் பகலில் நாக்கை வறளவைக்கும் பண்டங்கள். சோறும் தயிரும் பருப்பும், ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம் இருந்தால் போதும்.

கஞ்சிக்குள் இருக்கும் கணக்கு

மதிய லுஹர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் கொல்லையில் அடுப்பு பற்றவைத்து அண்டா ஏறும். பச்சரிசி, பாசிப்பருப்பு, ஒரு கை வெந்தயம், சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, பட்டை கிராம்பு, மல்லி புதினா. வசதி இருந்தால் கொத்துக்கறி. அரிசி குழைந்து கரண்டியில் வழியும் பதம் வந்ததும் தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தூக்குவாளிகள் வரிசை கட்டும். அந்த வரிசையில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் நிற்பார்கள். நோன்புக் கஞ்சிக்காகத் தமிழக அரசும் ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்கு அரிசி தருகிறது.

காலங்காலமாக வந்த இந்தக் கஞ்சியை மருத்துவக் கண்ணால் பார்த்தால் மதிப்பு கூடுகிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலின் அடிப்படையே, சர்க்கரையும் உப்பும் சேர்ந்திருந்தால் குடல் தண்ணீரைச் சுறுசுறுப்பாக உறிஞ்சும் என்பதுதான். கஞ்சியில் சோற்று மாவு செரித்துச் சர்க்கரையாகிறது, உப்பும் இருக்கிறது, மீதி பெரும்பாலும் தண்ணீர். மூன்று பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கிண்ணம் கஞ்சி, புளியங்குடி எலுமிச்சையில் உப்பிட்ட ஒரு டம்ளர் சாறு. இவற்றோடு தொழப் போய்விட்டு வந்து சாப்பிடுவது அருமையான முறை. கெடுப்பது பக்கத்துத் தட்டில் இருக்கும் வடை, சமோசா, பஜ்ஜி. காலி வயிற்றில் எண்ணெய்ப் பண்டம் விழுந்தால் நெஞ்செரிச்சல் வரும்; வயிறு உப்பித் தண்ணீர் குடிக்கவும் இடமிருக்காது. வாரத்தில் ஓரிரு நாள் போதும் அது.

வேலையும் தூக்கமும்

எலுமிச்சை மூட்டை சுமப்பவர், கொத்தனார், ஆட்டோ ஓட்டுநர் ஆகியோருக்கு விடுப்பு கிடையாது. முடிந்தவரை கனமான வேலையைக் காலை பதினொரு மணிக்குள் முடிப்பது நல்லது. ஈரத்துண்டைத் தலையில் போடலாம், குளிக்கலாம், நோன்பு முறியாது. ஒளுச் செய்யும்போது முகத்திலும் கையிலும் காலிலும் படும் தண்ணீரே சூட்டைத் தணிக்கும்.

பெண்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. மூன்றரை மணிக்கே எழுந்து சமைத்து, எல்லோருக்கும் பரிமாறி, சஹர் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அரைத்தட்டுச் சோறு சாப்பிடுகிற அம்மாக்கள் பல வீட்டில் உண்டு. பகலில் பீடி சுற்றத் தட்டோடு உட்கார்ந்தால் அன்றைய எண்ணிக்கையை முடித்தாக வேண்டும். அவர்களுக்கும் எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட நேரம் வேண்டும். லுஹருக்குப் பிறகு அரை மணி நேரத் தூக்கமும் வேண்டும்.

சுகர் உள்ளவர்கள்

தமிழ்நாட்டில் பெரியவர்களில் ஏழு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்கிறது 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. மருத்துவரிடம் சொன்னால் நோன்பு வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயந்து, சொல்லாமலே மாத்திரையை மாற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆபத்து அங்கேதான். 2001-இல் 13 நாடுகளில் நடந்த எபிடியார் ஆய்வில், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை தாழ்வது ரமலானில் இரண்டாம் வகை நோயாளிகளுக்கு ஏழு மடங்குக்கு மேல் கூடியிருந்தது.

விரலில் குத்திச் சோதித்தால் நோன்பு முறியாது என்றே ஆலிம்கள் பெரும்பாலோர் சொல்கிறார்கள். அளவு 70-க்குக் கீழே போனாலும் 300-ஐத் தாண்டினாலும் அப்போதே நோன்பை விட வேண்டும், பாங்குக்கு இன்னும் பத்து நிமிடம்தான் என்றாலும். கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சுக் குழறல் வந்தால் சோதிக்கக் காத்திருக்காமல் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். சுகர் இல்லாதவரும் தலை சுற்றி விழும் நிலை வந்தாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீரே கழியாமல் சோர்ந்தாலோ தொடரக் கூடாது. நோயாளிக்கும் பயணிக்கும் குர்ஆனே சலுகை தந்திருக்கிறது; விட்டதைப் பிறகு வேறொரு நாள் பிடித்துக் களாச் செய்யலாம்.

மாத்திரை, இன்சுலின் நேரத்தை மாற்ற ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2027-இல் ரமலான் பிப்ரவரி இரண்டாம் வாரம் தொடங்கும். அப்படியானால் முந்தின டிசம்பரில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமே நோன்பு பிடிக்கப்போவதைச் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தென்காசி அரசு மருத்துவமனையிலோ பரிசோதனைக்கு நாள் கேட்டுவிடலாம்.