எச்சில் வேறு, நெஞ்சுச் சளி வேறு



பால்மரம் வெட்டும் அக்கா ஒருவருக்கு மூன்று வாரமாக இருமல். அவர் கையில் சிறு போத்தலைக் கொடுத்து, "காலையில இதுல துப்பிக் கொண்டாங்க" என்றேன். அவரும் சொன்னபடியே துப்பிக் கொண்டு வந்தார். உள்ளே இருந்தது தண்ணீர் போன்ற எச்சில். நானும் கவனிக்காமல் சோதனைக்கு அனுப்பிவிட்டேன். கிருமி இல்லை என்று பதில் வந்தது. "ஒன்னும் இல்லேன்னுட்டாங்கய்யா" என்று மகிழ்ச்சியோடு வேலைக்குப் போனார்.

இரண்டு மாதம் கழித்து இரத்தம் கலந்த சளியோடு வந்தார். மறுபடி சோதித்தபோது காசநோய் என்று தெரிந்தது. அதற்குள் வீட்டில் பேரனுக்கும் தொற்றியிருந்தது. பிழை அக்காவுடையது அல்ல. 'துப்பு' என்று சொன்ன என்னுடையது.

ஆங்கிலத்தில் துப்புவதற்கு 'ஸ்பிட்' என்பது பேச்சுச் சொல். 'எக்ஸ்பெக்டோரேட்' என்பது ஏட்டுச் சொல். "இங்க துப்பாதே" என்று கூட்டாளியிடம் சொல்ல இதைப் போட்டால் சிரிப்பார்கள். ஆனால் இந்தச் சொல்லில் விஷயம் இருக்கிறது. லத்தீன் மொழியில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'பெக்டஸ்' என்றால் நெஞ்சு. நெஞ்சில் உள்ளதை வெளியேற்று என்பதே அதன் மூலப் பொருள். சளியை இளக்கி வெளியேற்றும் இருமல் மருந்துப் போத்தலில் 'எக்ஸ்பெக்டோரன்ட்' என்று இருப்பதும் அதனால்தான். மலாயிலும் எச்சிலுக்கு 'லூடா', சளிக்கு 'காஹாக்' என்று தனித்தனிச் சொல் உண்டு. கிளினிக்கில் காஹாக் கேட்டால் லூடா கொடுக்காதீர்கள்!

எப்படி எடுப்பது?

காலையில் எழுந்ததும், பசியாறும் முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் நன்றாகவே கொப்பளிக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே, ஆள் இல்லாத, காற்றோட்டமான இடத்துக்குப் போங்கள். இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து விட்டு, அடி நெஞ்சிலிருந்து இருமுங்கள். கெட்டியாக வருவதே வேண்டும். ஒரு தேக்கரண்டி அளவு போதும். மூக்குச் சளி வேண்டாம். மூடியை இறுக்கி அன்றைக்கே கொண்டு வந்து கொடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இராத்திரி வியர்வை, உடம்பு இளைப்பு — இவை இருந்தால் "வெறும் சளிதானே" என்று இருந்துவிடாதீர்கள். நம் நாட்டில் காசநோய்த் தடுப்புத் திட்டம் 1961ஆம் ஆண்டிலிருந்தே நடந்து வருகிறது. குறைந்தது 6 மாதம் விடாமல் மருந்து சாப்பிட்டால் இந்நோய் குணமாகும். நடுவில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம்.

இப்போதெல்லாம் போத்தலைக் கொடுக்கும்போது நான் துப்பச் சொல்வதில்லை. "நெஞ்சிலேர்ந்து இருமி எடுத்தாங்கம்மா" என்றே சொல்கிறேன்.