கூப்பிய கரங்கள் யாரை நோக்கி?

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் உள்ள சிலமலையிலும் அதனையடுத்த சிற்றூர்களிலும் பொழுது புலருமுன்னரே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் தூக்குச்சட்டியும் கையுமாக அவற்றில் நெருக்கியமர்ந்து, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கேரள எல்லைக்குள் செல்கின்றனர். இருட்டும் வேளையில்தான் இல்லம் திரும்புகின்றனர். இத்தகைய குடும்பத்தில் தாயும் தந்தையும் மக்களும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்குவது எப்பொழுது? இரவுச் செபமாலையின்போதுதான். அதுவும் கைவிடப்படுமாயின், ஒரு கூரையின்கீழ் உறங்கும் அயலாராகவே நாம் ஆகிவிடுவோம்.

செபம் என்பது இறைவனோடு உரையாடுதல் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கின்றோம். அவ்வுரையாடலில் அயலானுக்கும் இடமுண்டு என்பதை எளிதில் மறந்துவிடுகின்றோம். ஆண்டவர் கற்பித்த செபத்தைத் தனித்திருந்து சொல்லும்போதும் 'என் தந்தையே' என்று நாம் சொல்வதில்லை. 'எங்கள் தந்தையே' என்றே அழைக்கின்றோம். ஜீப்பின் மூலையில் அமர்ந்து உதட்டளவில் செபிக்கும் தாய், வீட்டிலிருக்கும் பிள்ளைகளையும் அருகிலிருக்கும் பிற சமயத் தோழியையும் அந்த ஒரு சொல்லில் சேர்த்துக் கொள்கின்றாள்.

இந்திய மண்ணில் முதன்முதல் தமிழ் எழுத்தில் அச்சான நூல், என்றீக்கே என்றீக்கஸ் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் வெளியிட்ட 16 பக்கச் செபநூல். அதன் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. இறைவனுக்குச் சூட்டிய அதே வணக்கம் என்னும் சொல்லைத்தான் இன்று தெருவில் எதிர்ப்படுவோருக்கும் கூறுகின்றோம். சொல்லைப் போலவே செயலும் ஒன்றுதான். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின், 1969 ஏப்ரலில், இந்தியத் திருவழிபாட்டிற்கென 12 தழுவல்களுக்கு உரோமை இசைவளித்தது. சமாதான வாழ்த்தைக் கைகூப்பிப் பரிமாறிக் கொள்ளலாம் என்பது அவற்றுள் ஒன்று. பீடத்தை நோக்கிக் குவிந்த கரங்களே பக்கத்தில் நிற்பவரை நோக்கியும் குவிகின்றன. நம் முன்னோரின் பண்பாடு திருப்பலிக்கு அளித்த கொடைகளுள் இதனினும் அழகியது வேறுண்டோ என ஐயுறுகின்றோம்.

ஆயினும் அவ்வேளையில் நாம் செய்வது என்ன? வலப்புறம் ஒரு கும்பிடு, இடப்புறம் ஒரு கும்பிடு. வாய்க்கால் முறைக்காகவோ வரப்புக்காகவோ மூன்றாண்டுகளாகப் பேசாதிருக்கும் அண்ணன் மூன்று வரிசை பின்னால் நிற்கின்றான். அத்திசையில் மட்டும் தலை திரும்புவதில்லை. இரண்டு வீட்டிலும் செபமாலை தவறுவதில்லை; இரண்டு வீட்டாரும் ஒரே தாயின் பரிந்துரையைத்தான் வேண்டுகின்றனர்! காணிக்கை செலுத்த வந்தவன் தன்மீது சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென நினைவுற்றால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே விட்டுவிட்டு முதலில் சென்று சமாதானமாக வேண்டும் என்று ஆண்டவர் பணித்ததை மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் காண்கின்றோம். பிழை யாருடையது என்று அவர் அங்கே கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பாவசங்கீர்த்தனம் என்று நம் பாட்டிமார் அழைத்த அருட்சாதனத்தை இன்று 'ஒப்புரவு' என்கின்றோம். திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயரில் இடம்பெற்று, ஊரோடு ஒத்து உதவி வாழ்வதைக் குறித்த சொல் இது. குருவானவரிடம் உரைத்துப் பெறும் மன்னிப்பு வீட்டுத் திண்ணைவரை வந்து சேரவேண்டும் என்பதை இப்பெயரே நினைவூட்டுகின்றது.

குடும்பச் செபத்தின் முன் கணவன் மனைவியிடமும் மனைவி கணவனிடமும் அன்றைய கடுஞ்சொல்லுக்காக மன்னிப்புக் கேட்பது நல்ல தொடக்கம். பிள்ளைகளிடம் பெற்றோர் கேட்பது இன்னும் கடினம். ஆனால் பிள்ளைகள் அதனை நெடுங்காலம் மறக்க மாட்டார்கள். மன்றாட்டின்போது, பேச்சற்றுப் போனவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லிச் செபிக்கலாம். முதல்நாள் தொண்டை அடைக்கும், நாளடைவில் பழகிவிடும்.

செபமாலை மாதமாகிய அக்டோபரில் மாதா சுரூபத்தை வீடுவீடாகக் கொண்டுசென்று செபிக்கும் வழக்கம் நம் பங்குகள் பலவற்றில் உண்டு. ஏலக்காய் எடுப்பு மும்முரமாயிருக்கும் காலம் அது. எனினும் களைப்போடு வந்தவர்களும் முழந்தாளிடுகின்றனர். வரிசைப்படி அடுத்த வீடு பேச்சுவார்த்தையற்ற வீடாக இருந்தால், சுரூபத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பி விடுவோரும் நம்மிடையே உள்ளனர். இவ்வாண்டு அதனைப் பெரியவர்களே ஏந்திச் செல்லட்டும். சுரூபத்தைக் கையளிக்கும்போது, வாசலில் நின்று ஒரு வார்த்தையாவது பேச வேண்டியிருக்கும்.